கண்ட்ரோல்ட் மருந்துகளுக்கு இ-பிரிஸ்கிரிப்ஷன்: அமெரிக்காவில் பிராக்டிஸ் தொடங்கும் டாக்டர்களுக்கு முழுமையான வழிகாட்டி

“அமாக்ஸிசிலின் ஒரு சொடுக்கில் போய்விடுகிறது, இந்த ஆக்ஸிகோடோன் மட்டும் ஏன் போகமாட்டேன் என்கிறது?” ரெசிடென்சி முடித்து எங்கள் கிளினிக்கில் சேரும் டாக்டர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்கள். நான் டாக்டர் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன கிளினிக்கின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு லைசென்ஸ், டி.இ.ஏ. எண் (இந்த மருந்துகளை எழுத ஃபெடரல் அரசு தரும் பதிவு எண்), கம்ப்யூட்டர் அனுமதி எல்லாம் வாங்கிக் கொடுத்து நாற்காலியில் உட்கார வைப்பதுவரை என் பொறுப்பு. எங்கே சிக்கும், எதைச் செய்யவே கூடாது என்பதைத் தமிழில் ஒரே இடத்தில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால்தான் இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கண்ட்ரோல்ட் மருந்து, அதாவது ஆக்ஸிகோடோன் மாதிரி பழக்கமாகிவிடக்கூடியது என்று அரசு கட்டுப்படுத்தும் மருந்து, எழுதும்போது கடைசியில் டோக்கன் (மாறிக்கொண்டே இருக்கும் எண்ணைக் காட்டும் சின்னக் கருவி அல்லது செயலி) எண்ணும் பாஸ்வேர்டும் கேட்கிறதே, அதை லாகின் என்று நினைக்காதீர்கள். அது உங்கள் கையெழுத்து. பேனாவால் போடும் கையெழுத்துக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு அதற்கும் உண்டு. உங்களுக்குப் பதில் வேறு யாராவது அந்த எண்ணை அடித்தால், அவர் எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும், அது கள்ளக் கையெழுத்துதான்.

எந்தச் சட்டம், எந்த மருந்து

அடிப்படை, 1970-இல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம். அதை நடத்துவது டி.இ.ஏ. எனப்படும் போதைமருந்து அமலாக்கத் துறை. ரொம்ப காலம் இந்த மருந்துகளைக் காகிதத்தில்தான் எழுத முடியும், சிலவற்றை ஃபோனில் சொல்லலாம், அவ்வளவுதான். 2010 மார்ச் 31 அன்று டி.இ.ஏ. வெளியிட்ட விதிகள் ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் மின்னணு முறை சட்டப்படி சாத்தியமானது. ஃபெடரல் விதித்தொகுப்பில் 21-வது தலைப்பு, 1311-வது பகுதி. எல்லாரும் இ.பி.சி.எஸ். என்று சொல்வது இதைத்தான். இதற்கு மேல் இரண்டு அடுக்கு இருக்கின்றன: உங்கள் மாநிலத்தின் சட்டம், அப்புறம் மெடிக்கேர் (பெரும்பாலும் முதியோருக்கான ஃபெடரல் மருத்துவக் காப்பீடு) விதி. ஃபெடரல் விதி “மின்னணுவில் எழுதுவதானால் இப்படித்தான் எழுத வேண்டும்” என்று சொல்கிறது. “மின்னணுவில்தான் எழுத வேண்டும்” என்று கட்டாயப்படுத்துவது மாநிலமும் மெடிக்கேரும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மருந்துகள் ஐந்து ஷெட்யூல், அதாவது ஐந்து பிரிவு. ஒன்றாவது ஷெட்யூலை எழுதவே முடியாது. இரண்டில் ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், ஃபென்டனில், மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமைன். மூன்றில் டெஸ்டோஸ்டிரோன், கெட்டமைன், பியூப்ரினார்ஃபின். நான்கில் அல்ப்ராஸோலம், லோரஸெபாம், ஸோல்பிடெம், டிரமடால். ஐந்தில் பிரிகாபலின், கொஞ்சமாகக் கோடீன் சேர்ந்த இருமல் மருந்துகள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். 2014-இல் மட்டும் டிரமடால் ஆகஸ்டில் நான்காவது ஷெட்யூலுக்குள் வந்தது, ஹைட்ரோகோடோன் கலவைகள் அக்டோபரில் மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏறின. ஊரில் படித்துவிட்டு வந்தவர்கள் பிரிகாபலினிடம் கவனமாக இருங்கள். அங்கே நரம்பு வலிக்குச் சர்வசாதாரணமாக எழுதிய கை, இங்கே டோக்கன் கேட்டதும் திகைத்து நிற்கும். இன்னொன்று, ஃபெடரல் பட்டியலில் இல்லாத மருந்தை உங்கள் மாநிலம் தன் பட்டியலில் வைத்திருக்கலாம். காபாபென்டின் சில மாநிலங்களில் அப்படி இருக்கிறது.

படி 1: டி.இ.ஏ. பதிவு

மாநில மருத்துவ லைசென்ஸ் கையில் வந்த பிறகு டி.இ.ஏ.-யின் 224 படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். கட்டணம் 888 டாலர், மூன்று வருடத்துக்குச் செல்லும். இரண்டு மாநிலத்தில் பிராக்டிஸ் செய்தால் இரண்டு பதிவு, இரண்டு கட்டணம். நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் மாதிரி சில மாநிலங்கள் கண்ட்ரோல்ட் மருந்துக்கென்று தனியாக ஒரு மாநிலப் பதிவும் கேட்கும், அதை முதலில் வாங்கிவிடுங்கள். 2023 ஜூன் 27-லிருந்து, புதிதாகப் பதிவு செய்பவரும் புதுப்பிப்பவரும் போதைப் பழக்கச் சிகிச்சை பற்றி 8 மணி நேரப் பயிற்சி முடித்திருப்பதாக உறுதி சொல்ல வேண்டும். ஒரே ஒரு முறைதான், ஆனால் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். பியூப்ரினார்ஃபின் எழுத முன்பு தேவைப்பட்ட அந்தத் தனி எக்ஸ் எண் இப்போது கிடையாது. 2022 டிசம்பர் இறுதியில் கையெழுத்தான சட்டம் அதை நீக்கிவிட்டது.

மருத்துவமனையில் ரெசிடென்டாக இருக்கும்வரை மருத்துவமனையின் எண்ணோடு உங்களுக்கான ஒரு உள் குறியீட்டைச் சேர்த்து எழுதியிருப்பீர்கள். வெளியே வந்ததும் அது போய்விடும். வேலையில் சேரும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

எண் வந்ததும் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லித் தருவேன், ஏனென்றால் சிஸ்டத்தில் ஏற்றும்போது ஒரு இலக்கம் மாறிப்போவது நடக்கிறது. இரண்டு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். இரண்டாவது எழுத்து வழக்கமாக உங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. ஏபி 1234563 என்ற மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம். 1, 3, 5-ஆம் இடத்து இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1+3+5=9. பிறகு 2, 4, 6-ஆம் இடத்தவற்றைக் கூட்டி இரட்டிப்பாக்குங்கள்: 2+4+6=12, இரண்டு மடங்கு 24. இரண்டையும் சேர்த்தால் 33. கடைசி இலக்கம் 3, எண்ணின் ஏழாவது இலக்கமும் 3. பொருந்தியது. ஃபார்மசியில் இருப்பவர்கள் இதை மனக்கணக்கிலேயே போட்டுப் பார்ப்பார்கள்.

புதுப்பிக்கும் சாளரம் காலாவதிக்கு 60 நாள் முன்பு திறக்கும். காலாவதியான பிறகும் ஒரு மாதம் வரை புதுப்பிக்க விடுவார்கள், ஆனால் அந்த இடைவெளியில் ஒரு மாத்திரைகூட எழுதக் கூடாது. “இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே” என்று இதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய.

படி 2: மென்பொருள்

உங்கள் இ.எச்.ஆர். (நோயாளிகளின் குறிப்புகளை வைத்திருக்கும் மென்பொருள்) சாதாரண மருந்தை அனுப்புகிறது என்பதால் கண்ட்ரோல்ட் மருந்தையும் அனுப்பலாம் என்று அர்த்தம் இல்லை. அந்த மென்பொருள் 1311-வது பகுதியின்படி வெளியார் ஒருவரால் தணிக்கை செய்யப்பட்டோ, டி.இ.ஏ. ஏற்ற அமைப்பிடம் சான்று பெற்றோ இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அல்லது இந்த வேலையைத் தொடும் பகுதியில் மாற்றம் செய்யும்போது, எது முதலில் வருகிறதோ அப்போது மறுபடி. அந்த அறிக்கையை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அந்த மென்பொருளில் கண்ட்ரோல்ட் மருந்து எழுதாதீர்கள், ஏனென்றால் விதிக்குப் பொருந்தாத மென்பொருளில் எழுதினால் பொறுப்பு உங்கள் மேலும் வரும்.

நியூயார்க்கில் இதோடு முடியாது. மாநிலச் சுகாதாரத் துறையின் போதைமருந்து அமலாக்கப் பிரிவிடம், ரோப்ஸ் என்ற இணைய முறை வழியாக, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளைப் பதிவு செய்ய வேண்டும். மென்பொருளை மாற்றினால் மறுபடி பதிவு.

படி 3: நீங்கள் நீங்கள்தானா

அடையாளச் சரிபார்ப்பு. நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தனி கிளினிக்கில் இருப்பவரை மென்பொருள் நிறுவனமே சரிபார்த்துவிட முடியாது. ஃபெடரல் அரசு ஏற்றுக்கொண்ட சான்று வழங்கும் நிறுவனம் ஒன்றுதான் செய்ய வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் ஆன்லைனிலேயே முடியும்: ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி எண், கிரெடிட் கார்டு, பிறகு உங்கள் கடன் வரலாற்றிலிருந்து சில கேள்விகள். எந்தத் தெருவில் இருந்தீர்கள், எந்த வங்கியில் கார் லோன், இப்படி. சான்று கைக்கு வரும்போது இரண்டு வேறு வழிகளில் வர வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஒரு பகுதி மின்னஞ்சலில், இன்னொன்று தபாலிலோ ஃபோனிலோ.

மூன்று வருட ரெசிடென்சியை மருத்துவமனைக் குடியிருப்பில் கழித்து, கார் லோன்கூட எடுக்காத ஒருவருக்குக் கடன் வரலாறு எங்கிருந்து வரும்? கேள்வியே உருவாகாமல் தோற்றுவிடும். பாதுகாப்புக்காக கிரெடிட்டை முடக்கி வைத்திருந்தாலும் தோற்கும். தொடங்கும் முன் முடக்கத்தை அந்த ஒரு நாளைக்கு நீக்குங்கள், மூன்று கிரெடிட் அறிக்கைகளையும் இலவசமாக எடுத்து, அதில் இருக்கும் முகவரியையே அடியுங்கள்.

அப்புறம் பெயர். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டு வளர்ந்தவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் இங்கே விசாவில் அதைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயருக்கு எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிடுகிறார்கள். மருத்துவ லைசென்ஸில் அப்பா பெயர் விரிவாக, ஓட்டுநர் உரிமத்தில் எஃப்.என்.யு., கிரெடிட் கார்டில் இனிஷியலோடு, டி.இ.ஏ.-யில் இன்னொரு வரிசையில் என்று ஒரே மனிதர் நான்கு பேராக நிற்பார். எங்களிடம் சேர்ந்த ஒரு டாக்டருக்கு இதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது, அந்த ஐந்து வாரமும் அவருடைய நோயாளிகளுக்கு வேண்டிய கண்ட்ரோல்ட் மருந்தை, இன்னொரு டாக்டர் ஒவ்வொருவரையும் தனியாகப் பரிசோதித்து எழுதிக் கொடுத்தார். அதனால் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் அன்றே முடிவு செய்யுங்கள்: எந்தப் பெயர், எந்த வரிசை. எல்லா ஆவணத்திலும் அதுவே இருக்கட்டும். ஆன்லைனில் சரிவரவில்லை என்றால் நேரில் அல்லது வீடியோவில் சரிபார்க்கும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மருத்துவமனையாக இருந்தால் சுலபம். அங்கேயே இருக்கும் நற்சான்றுப் பிரிவு, அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையோடு உங்களை நேரில் பார்த்துச் சரிபார்த்துவிடலாம்.

படி 4: இரண்டு காரணிகள்

விதி சொல்வது மூன்று வகை: உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று, உங்களிடம் மட்டும் இருக்கும் ஒன்று, உங்கள் உடம்பே ஆன ஒன்று. பாஸ்வேர்டு, டோக்கன், கைரேகை என்று வையுங்கள். இதில் ஏதாவது இரண்டு வேறு வேறு வகையாக வேண்டும். இரண்டு பாஸ்வேர்டு செல்லாது.

டோக்கன், நீங்கள் எழுதும் கருவியிலிருந்து தனியாக இருக்க வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கருவியாகவும் இருக்கலாம், ஃபோனில் இருக்கும் செயலியாகவும் இருக்கலாம், ஆனால் ஃபெடரல் அரசின் எஃப்.ஐ.பி.எஸ். 140-2 குறியாக்கத் தரத்தின் முதல் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும். வங்கி அனுப்புவதுபோல எஸ்.எம்.எஸ்.-இல் வரும் எண் இதற்குப் போதாது. ஃபோன் செயலியை டோக்கனாக வைத்துக்கொண்டு அதே ஃபோனில் மருந்து எழுதினால், இரண்டு காரணியும் ஒரே கருவிக்குள் வந்துவிடுகிறது, அதுவும் கூடாது. கைரேகை வைப்பதானால் தவறான ஆளை ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு 0.001-க்கு மேல் போகக் கூடாது என்று அளவு வைத்திருக்கிறார்கள், அதாவது ஆயிரத்தில் ஒன்று.

என் சிபாரிசு: செயலி ஒன்று, அதோடு அவசரத்துக்கு ஒரு சாவிக்கொத்து டோக்கன். ஃபோன் மாற்றும்போது செயலி புது ஃபோனுக்குத் தானாக வராது. விடுமுறை விற்பனையில் புது ஃபோன் வாங்கிவிட்டுத் திங்கட்கிழமை வந்து முழிப்பவர்களை வருடாவருடம் பார்க்கிறேன்.

படி 5: அனுமதி கொடுக்க இரண்டு பேர்

அடையாளம் சரி, டோக்கன் வந்தது, இன்னும் எழுத முடியாது. கிளினிக்கில் குறைந்தது இரண்டு பேரை அனுமதிப் பொறுப்பாளர்களாக நியமிக்க வேண்டும். ஒருவர் உங்கள் டி.இ.ஏ. பதிவும் மாநில லைசென்ஸும் செல்லுபடியில் இருக்கின்றனவா என்று பார்த்து சிஸ்டத்தில் பதிவார். அது நானாக இருக்கலாம். இரண்டாமவர் டி.இ.ஏ. பதிவு உள்ள டாக்டராக இருந்தே ஆக வேண்டும், தன் டோக்கனால் அதை உறுதிசெய்ய வேண்டும். தனியாக பிராக்டிஸ் செய்பவர் என்றால் நீங்களும் உங்கள் நர்ஸோ மேனேஜரோ போதும்.

மருத்துவமனைக்கு விதி வேறு மாதிரி, அங்கே நற்சான்றுப் பிரிவு ஒரு பக்கம், அனுமதி போடுபவர்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைப்பார்கள்.

படி 6: எழுதுவது

முதல் வேலை, மாநிலத்தின் மருந்துக் கண்காணிப்புப் பதிவேட்டைப் பார்ப்பது. நியூயார்க்கில் ஷெட்யூல் 2, 3, 4 எழுதும் முன் பார்த்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் அதன் பெயர் க்யூர்ஸ். பெரும்பாலான இ.எச்.ஆர்.-இல் ஒரு பொத்தானில் திறக்கும். பார்த்த நேரம் குறிப்பில் ஏறுகிறதா என்று ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிரிஸ்கிரிப்ஷனில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது காகிதத்துக்கும் மின்னணுவுக்கும் ஒன்றுதான்: எழுதிய தேதி, நோயாளியின் முழுப் பெயர், முகவரி, மருந்தின் பெயர், வீரியம், வடிவம், எண்ணிக்கை, எப்படிச் சாப்பிட வேண்டும், உங்கள் பெயர், முகவரி, டி.இ.ஏ. எண். ஷெட்யூல் 3-இலிருந்து 5 வரை என்றால் எத்தனை ரீஃபில் (அதே சீட்டில் மறுபடி மருந்து வாங்குவது) என்பதும்.

நர்ஸோ உதவியாளரோ இதையெல்லாம் டைப் செய்து வைக்கலாம். சட்டம் அதைத் தெளிவாகவே அனுமதிக்கிறது. டைப் செய்தவர் கையெழுத்துப் போடுவதைத்தான் தடுக்கிறது. நீங்கள் வந்து பார்க்கும் திரையில் எல்லா விவரமும் தெரிய வேண்டும் (நோயாளியின் முகவரி மட்டும் அந்தத் திரையில் தெரியாவிட்டால் பரவாயில்லை), அதன் கீழே ஒரு அறிவிப்பு இருக்கும்: இரு காரணி உறுதிப்பாட்டை முடிப்பதன் மூலம் நீங்கள் சட்டப்படி கையெழுத்திடுகிறீர்கள், மேலே பெயரும் எண்ணும் உள்ள டாக்டர் மட்டுமே இதைச் செய்யலாம் என்று. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக “தயார்” என்று குறி போட வேண்டும். ஒரே நோயாளிக்கு நான்கு மருந்து இருந்தால் ஒரே முறை டோக்கன் போட்டு நான்கையும் அனுப்பலாம். இரண்டு நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்ப முடியாது. ஒரு மருந்தில் “தயார்” குறி போட்ட பிறகு ஏதாவது மாற்றினால் குறி தானாக எடுபடும். மறுபடி படித்துப் பார்த்துப் போடுங்கள்.

தேதியில் விளையாடவே கூடாது. கையெழுத்திடும் நாள்தான் பிரிஸ்கிரிப்ஷன் தேதி, முன்தேதியும் இல்லை பின்தேதியும் இல்லை. மென்பொருளின் கடிகாரம்கூட அரசின் அதிகாரப்பூர்வ நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது என்று விதி இருக்கிறது, அந்த அளவுக்குப் பார்க்கிறார்கள். ஷெட்யூல் 2-க்கு ரீஃபில் கிடையாது. மாதாமாதம் வர முடியாத நோயாளிக்கு, மொத்தம் 90 நாள் வரை, தனித்தனிப் பிரிஸ்கிரிப்ஷன்களாக இன்றைய தேதியிலேயே எழுதி, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் “இந்த நாளுக்கு முன் கொடுக்க வேண்டாம்” என்ற தேதியைப் போடலாம், உங்கள் மாநிலம் அனுமதித்தால். ஷெட்யூல் 3, 4 என்றால் எழுதிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஐந்து ரீஃபில்.

மாநில வரம்புகள் இதற்கு மேல் வரும். நியூயார்க்கில் திடீர் வலிக்கு முதல் முறையாக ஓபியாய்டு (ஆக்ஸிகோடோன் மாதிரி வலி மருந்து) எழுதினால் 7 நாள்தான். பொதுவாக 30 நாள் வரம்பு, ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறல் குறைபாடு), நரம்புசார் வலிப்பு, தீராத நோயின் வலி போன்ற சில நிலைகளுக்கு அதற்கான குறியீட்டு எழுத்தைப் பிரிஸ்கிரிப்ஷனிலேயே போட்டால் 90 நாள் வரை கொடுக்கலாம். ஏ.டி.எச்.டி.-க்கு அது ‘பி’. இந்த ஒரு எழுத்து இல்லாததால் ஃபார்மசியிலிருந்து திரும்பி வந்தவை எங்களிடம் எத்தனையோ.

ஒரு விஷயம், மனது கேட்காமல் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கிளினிக்கில் டாக்டர் தன் டோக்கனை நர்ஸின் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார், பாஸ்வேர்டும் ஒரு சின்னச் சீட்டில் அதோடு. நோயாளிகள் காத்திருக்கக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். அவர் ஊருக்குப் போயிருந்த இரண்டு வாரத்தில் அவர் பெயரில் மருந்துகள் தொடர்ந்து போயின. அவர் விமானத்தில் இருந்த நேரத்தில்கூட ஒன்று. நர்ஸ் எந்தத் தப்பான ஆளுக்கும் அனுப்பவில்லை, எல்லாம் பழைய நோயாளிகள்தான். இருந்தும் சட்டத்தின்படி அவை எதுவும் செல்லாது. பிடிபட்ட பிறகு இரண்டு பேரும் பட்ட பாடு சாதாரணமில்லை. விடுமுறை போகிறீர்களா, உங்கள் நோயாளிகளை வேறொரு டாக்டரிடம் ஒப்படையுங்கள், அவர் தன் எண்ணில், தன் டோக்கனில் எழுதட்டும்.

படி 7: போகாவிட்டால்

கையெழுத்திட்டதும் கூடிய சீக்கிரம் ஃபார்மசிக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் இருக்கும் வலையமைப்பு அதை ஃபேக்ஸாக மாற்றி அனுப்பக் கூடாது, ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. அனுப்பிய பிரிஸ்கிரிப்ஷனை அச்சிட்டுக் கொடுக்கவும் கூடாது. நோயாளி கையில் ஒரு தாள் வேண்டும் என்றால், அது நகல் மட்டுமே, மருந்து வாங்கச் செல்லாது என்று அதிலேயே இருக்க வேண்டும்.

அனுப்பியது தோல்வி என்று தகவல் வந்தால் மட்டும் அச்சிடலாம். அந்தத் தாளில், முதலில் மின்னணுவில் அனுப்பப்பட்டது, எந்த ஃபார்மசிக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, அது தோல்வியடைந்தது, இத்தனையும் எழுதி, கையால் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு தாளைப் பார்க்கும் ஃபார்மசிஸ்ட், மின்னணுப் பிரதி எங்காவது வந்து ஏற்கெனவே மருந்து கொடுக்கப்பட்டதா என்று தேடிப் பார்த்த பிறகுதான் கொடுப்பார். அவர் நேரம் எடுத்தால் கோபப்படாதீர்கள். சட்டம் ஃபார்மசிஸ்ட்டுக்கும் உங்களுக்கு இணையான ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறது: மருத்துவ நோக்கம் சரிதானா என்று சந்தேகம் வந்தால் அவர் கொடுக்கக் கூடாது.

ஃபார்மசியில் இருப்பு இல்லை என்றால்? ஏ.டி.எச்.டி. மருந்துத் தட்டுப்பாட்டில் தினம் வந்த பிரச்சினை இது. முன்பெல்லாம் ரத்து செய்து வேறு கடைக்குப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28-லிருந்து, நோயாளி கேட்டுக்கொண்டால், இன்னும் மருந்து கொடுக்கப்படாத மின்னணுப் பிரிஸ்கிரிப்ஷனை ஒரு ஃபார்மசி இன்னொன்றுக்கு ஒரே ஒரு முறை மாற்றலாம். மின்னணு வடிவிலேயே போக வேண்டும், இரண்டு ஃபார்மசிஸ்ட்டுகளும் நேரடியாகத் தொடர்புகொள்ள வேண்டும், மாநிலச் சட்டமும் இடம் கொடுக்க வேண்டும். நோயாளியிடம் முதலில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

உண்மையான அவசரத்தில் ஷெட்யூல் 2 மருந்தை ஃபோனில் சொல்லலாம், அந்த அவசரத்துக்குத் தேவையான அளவு மட்டும். அதற்கான முறையான பிரிஸ்கிரிப்ஷனை, அவசரத்துக்காகக் கொடுத்தது என்ற குறிப்போடு, 7 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் ஃபார்மசிஸ்ட் டி.இ.ஏ.-க்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

எங்கே கட்டாயம்

நியூயார்க்கில் 2016 மார்ச் 27-லிருந்து, கண்ட்ரோல்ட் மருந்து மட்டுமில்லை, எல்லா மருந்துக்கும். பென்சில்வேனியாவில் 2019 அக்டோபர் 24-லிருந்து கண்ட்ரோல்ட் மருந்துகளுக்கு, டெக்சாஸில் 2021 ஜனவரி 1-லிருந்து அதே. கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி 1 முதல் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும். மின்தடை, தொழில்நுட்பக் கோளாறு என்று விலக்குகள் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. விலக்கைப் பயன்படுத்திய நாளில் காரணத்தை நோயாளியின் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

மெடிக்கேர் பார்ட் டி, அதாவது மெடிக்கேரின் மருந்துக் காப்பீடு, தனி. 2018-இன் சப்போர்ட் சட்டத்தில் வந்தது. ஒரு ஆண்டில் பார்ட் டி-யில் எழுதும் ஷெட்யூல் 2 முதல் 5 வரையிலான பிரிஸ்கிரிப்ஷன்களில், விலக்குகள் போக, 70 சதவீதமாவது மின்னணுவில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு நூறோ அதற்குக் குறைவோ எழுதுபவர்களுக்கு விலக்கு தானாகவே கிடைக்கும். பின்தங்கினால் கடிதம் வரும். பிறகு எப்போதாவது முறைகேடு விசாரணை என்று வந்தால் அந்தத் தகவலும் கணக்கில் சேரலாம்.

டெலிமெடிசினும் வீட்டு ஃபோனும்

2008-இன் ரையன் ஹெய்ட் சட்டப்படி, நேரில் ஒரு முறையாவது பரிசோதிக்காமல் இணையம் வழியாகக் கண்ட்ரோல்ட் மருந்து எழுதக் கூடாது. இணையத்தில் வாங்கிய வலி மாத்திரையால் 2001-இல், 18 வயதில் இறந்துபோன பையனின் பெயர் அது. கொரோனாவின்போது, 2020-இல் கொடுத்த தளர்வைத் திரும்பத் திரும்ப நீட்டித்து வருகிறார்கள். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு, அதனால் டெலிமெடிசின் செய்பவர்கள் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் சட்டமும் பொருந்தும்.

இதைவிட நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது வேறு. “அண்ணா, ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், தூக்க மாத்திரை தீர்ந்துவிட்டது, பக்கத்து ஃபார்மசிக்கு ஒன்று அனுப்பிவிடுங்களேன்.” கேட்பவர் நண்பர், அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது, மறுக்கவே வாய் வராது. ஆனால் அந்த மாத்திரை ஸோல்பிடெமோ அல்ப்ராஸோலமோ என்றால் ஷெட்யூல் 4. நோயாளி என்று ஒரு பதிவு இல்லை, பரிசோதனை இல்லை, குறிப்பு இல்லை. முறையான மருத்துவ நோக்கத்துக்கு, வழக்கமான தொழில்முறைக்குள் எழுதப்படாத பிரிஸ்கிரிப்ஷன், பிரிஸ்கிரிப்ஷனே இல்லை என்பது ஃபெடரல் விதி. சொந்தக் குடும்பத்தாருக்கும் தனக்கும் கண்ட்ரோல்ட் மருந்து எழுதுவதை, அவசர நிலை தவிர, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறையும் ஏற்பதில்லை. “அப்பாவை நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க, பதிவு போட்டுப் பார்த்துவிடலாம்” என்று சொல்லுங்கள். வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது இன்னும் நல்லது: வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை ஊர் டாக்டரின் சீட்டோடு, அசல் அட்டையிலேயே கொண்டுவரட்டும்.

படி 8: தொலைந்தால், சந்தேகம் வந்தால், கிளம்பினால்

டோக்கன் தொலைந்தது, திருடுபோனது, பாஸ்வேர்டு யாருக்கோ தெரிந்துவிட்டது, எதுவானாலும் தெரிந்த ஒரு வேலை நாளுக்குள் கிளினிக்கின் அனுமதிப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அதை வைத்து எழுதப்படும் எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பு. நீங்கள் எழுதாத ஒன்று உங்கள் எண்ணில் போயிருப்பது தெரிந்தால், அதே ஒரு வேலை நாளுக்குள் டி.இ.ஏ.-க்கும் தெரிவிக்க வேண்டும்.

அது எப்படித் தெரியவரும்? மாதம் முடிந்து ஏழு நாளுக்குள், போன மாதம் உங்கள் பெயரில் போன கண்ட்ரோல்ட் பிரிஸ்கிரிப்ஷன்களின் பட்டியலை மென்பொருள் உங்களுக்குத் தர வேண்டும். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. நான் கட்டாயப்படுத்துவேன். எங்கள் டாக்டர்களுக்கு மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை மதியம் பத்து நிமிடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், காப்பியோடு உட்கார்ந்து பெயர்பெயராகப் பார்ப்பார்கள். எண்ணிக்கை 30-க்குப் பதில் 300 என்று விழுந்ததைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான். ஃபார்மசிஸ்ட் ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தார், நல்ல வேளை.

பதிவுகள் ஃபெடரல் விதிப்படி இரண்டு வருடம் இருக்க வேண்டும், உங்கள் மாநிலம் கூடுதலாகக் கேட்டால் அதுவரை. மென்பொருள் நிறுவனத்தை மாற்றும்போது பழைய பதிவுகளைப் படிக்கக்கூடிய வடிவில் வாங்காமல் ஒப்பந்தத்தை முடிக்காதீர்கள்.

ஒரு டாக்டர் வேலையை விட்டுப் போகிறார் என்றால், கடைசி நாள் அலுவலகச் சாவியைத் திரும்ப வாங்குகிறோம் இல்லையா, அன்றைக்கே அவருடைய அனுமதியையும் சிஸ்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், அடுத்த வாரம் என்று தள்ளக் கூடாது. போகிறவர் பக்கத்திலிருந்தும் ஒன்று செய்யுங்கள். உங்கள் பெயரில் எழுதிய எல்லாவற்றின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள், இரண்டு வருடத்தையும் தேதி வாரியாக மென்பொருளால் எடுத்துத் தர முடியும். டி.இ.ஏ. பதிவில் இருக்கும் கிளினிக் முகவரியைப் புது இடத்துக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், அது ஒப்புதலாகி வந்த பிறகு புது கிளினிக்கில் படி 5-லிருந்து தொடங்கலாம். அவர்கள் வேறு மென்பொருள் வைத்திருந்தால், பெரும்பாலும் படி 3-லிருந்து.